வயர் டப்பாவின் வரலாறு

ஊரை விட்டு வந்து பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மை மாதிரி ஆட்கள் எல்லார் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். மைசூர்பா வந்த டப்பாவோ, ஷூ வாங்கின அட்டைப் பெட்டியோ, ஊரிலிருந்து முறுக்கு வந்த மஞ்சப்பையோ, ஏதோ ஒன்று. திறந்தால் உள்ளே இடியாப்பச் சிக்கலாக வயர். எது எந்தச் சாமானுடையது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் ஒருத்தருக்கும் மனசு வராது. "கிடக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்" என்ற ஒரே வசனத்தில் பதினைந்து வருஷம் ஓடிவிடும்.

பெங்களூரில் இது கொஞ்சம் ஜாஸ்தி. வாடகை வீடு மாறும்போதெல்லாம் டப்பா அப்படியே லாரி ஏறும். ஆன்சைட் போய் வந்தவர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவின் தட்டைக் கம்பி, சிங்கப்பூரின் மூன்று சதுரக் கம்பி, ஜெர்மனியின் உருண்டைக் கம்பி என்று பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை எல்லாம் அந்த டப்பாவிலும் விழுந்திருக்கும்.

போன ஆயுத பூஜைக்கு வீடு ஒழித்தபோது எங்கள் டப்பாவைப் பிரித்ததில் மொத்தம் 43 உருப்படி. அதில் தினமும் உபயோகத்தில் இருந்தவை 9. மீதி 34-ஐப் பிரிக்கப் பிரிக்க, கீழடியில் குழி தோண்டுகிற மாதிரி அடுக்கடுக்காக ஒரு சரித்திரம் வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் :-)

முதலில் கரண்ட் கதை.

பெங்களூருக்குக் கரண்ட் வந்தது காவிரியிலிருந்து. (காவிரி என்றதும் நமக்கு வேறு ஞாபகங்கள் வரும். அது இன்னொரு நாளைக்கு.) மைசூர் சமஸ்தானம் சிவசமுத்திரம் அருவியில் நீர்மின் நிலையம் கட்டியது. 1902 ஜூன் 30 அன்று அங்கிருந்து கிளம்பின மின்சாரம் பெங்களூருக்கு வரவில்லை. நேராகக் கோலார் தங்க வயலுக்குப் போனது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. இந்தத் திட்டத்தைத் தலைமேல் போட்டுக்கொண்ட திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். 1901 செப்டம்பரில் காலமாகிவிட்டார், கரண்ட் பாய்ந்ததை அவர் பார்க்கவில்லை. தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கினவர்களில் நிறையப் பேர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள். பிழைப்புக்காக இந்த சமஸ்தானத்துக்கு வந்த தமிழர்களில் நாமெல்லாம் ரொம்ப லேட்.

பெங்களூர் நகரத்தில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5 அன்று.

வீட்டுக்குள் வந்த கரண்டுக்கு முதலில் விளக்கு எரிப்பது மட்டும்தான் வேலை. பிறகு ஃபேன், அயர்ன் பாக்ஸ், ரேடியோ. செருகுவதற்கு பிளக் வேண்டுமே? பிரிட்டனில் 1934-இல் பி.எஸ். 546 என்று ஒரு தரம் வெளியிட்டார்கள். மூன்று உருண்டைக் கம்பி. சின்னது 5 ஆம்பியர், பெரியது 15 ஆம்பியர். நம் வீட்டுச் சுவரில் இருப்பது அதன் வாரிசுதான். ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தரத்தில் இப்போது 6, 16 என்று போடுகிறார்கள், எலக்ட்ரீஷியன் வாயில் மட்டும் இன்னும் "ஃபைவ் ஆம்ஸ், ஃபிஃப்டீன் ஆம்ஸ்"தான்.

பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? 1947-இல், அதாவது நமக்கு சுதந்திரம் வந்த அதே வருஷம், பி.எஸ். 1363 என்று சதுரக் கம்பிக்கு மாறிவிட்டார்கள். போர் முடிந்த சமயம், செம்புக்குத் தட்டுப்பாடு. வீட்டைச் சுற்றி வளையமாக ஒரே வயர் ஓட்டினால் செம்பு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, அதற்காக ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ் வைத்தார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் துபாயும் பின்னாலேயே போயின. நாம் உருண்டையிலேயே நின்றுவிட்டோம். துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான் ஒவ்வொரு முறையும் "அந்த கன்வெர்ட்டர் எங்க?" என்று கேட்பதற்கான மூலகாரணம் 1947-இன் செம்புத் தட்டுப்பாடு!

உருண்டை பற்றி இன்னொரு விஷயம். மொபைல் சார்ஜர்களில் வரும் இரட்டைக் கம்பி பிளக் ஐரோப்பியத் தரம். கம்பியின் விட்டம் 4 மில்லிமீட்டர். நம் 5 ஆம்பியர் ஓட்டை 5 மில்லிமீட்டர் கம்பிக்குச் செய்தது. அதனால்தான் எத்தனையோ வீடுகளில் சார்ஜர் தொங்கும், ஆடும், செருகும்போது சட்டென்று பொறி பறக்கும். அடியில் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அதைவிட மோசம், ஓட்டையின் உள்மூடி திறக்கவில்லை என்று மேலே இருக்கும் எர்த் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு நெம்புவது. பேச்சிலர் ரூம்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வகைக் கம்பியையும் பிடிக்கிற மாதிரி இப்போது நல்ல சாக்கெட் கிடைக்கிறது, மாற்ற அரை மணி நேரம்கூட ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பாவை ஒழிப்பதற்கு முன்னால் இதைச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி டெலிபோன். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது, கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

பெங்களூரில் கிருஷ்ணராஜபுரம் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டினால் தூரவாணி நகர். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. 1948-இல் அங்கே தொடங்கினதுதான் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், நம் ஜனங்கள் வாயில் ஐ.டி.ஐ. நாட்டில் மேஜை மேல் கனமாக உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்பு டெலிபோன்களில் ஏராளமானவை பிறந்த ஊர் அது. தொழிற்சாலையில் தமிழ்க் குடும்பங்கள் ஏகப்பட்டவை. எங்கள் தெருவில் ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்கிறார், பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம். எங்கள் வீட்டு வயர் மலையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஏன் தம்பி, நாங்க செஞ்ச போனுக்கு சார்ஜர் பாத்திருக்கியா?"

யோசித்துப் பாருங்கள். லேண்ட்லைன் போனுக்கு ஏன் பிளக் இல்லை? கரண்ட் போனாலும் அது ஏன் வேலை செய்தது? ஏனென்றால் அதற்கு வேண்டிய 48 வோல்ட் டி.சி. மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து, பேச்சு போகிற அதே செம்புக் கம்பியில் வந்தது. சார்ஜர் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. ஊருக்கே ஒன்று!

இன்னொன்று, அந்தக் கருவி உங்களுடையது இல்லை. டிபார்ட்மெண்டுடையது. கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அது ஒரு கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் கனெக்‌ஷனை ஒப்படைத்தால் கருவியும் வயரோடு திரும்பிப் போய்விடும். பழுதானால் லைன்மேன் வந்து மாற்றுவார். வீட்டில் மிச்சம் என்று ஒரு முழம் வயர்கூடத் தங்காது. கருவியைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சட்டம் என்ற பெயரில் இதே விஷயம் மறுபடி வரும்.

கார்ட்லெஸ் போன் வந்தபோது முதல் அடாப்டர் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொடுத்தது, கீச்சென்று கத்தும் மோடம் வந்தது, அதற்கு ஒரு அடாப்டர். 2005-இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது, அதற்கு ஒன்று. எக்ஸ்சேஞ்சில் இருந்த மின்சாரம் மெல்ல மெல்ல நம் வீட்டு ஸ்பைக் பஸ்டருக்குக் குடிவந்தது. எங்கள் டப்பாவின் அடிமட்ட அடுக்கில் இருந்தவை இவைதான், கறுப்பாக, செங்கல் மாதிரி கனமாக. உள்ளே செம்புச் சுருளும் இரும்புத் தகடும் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், அதனால்தான் கனம். இன்றைய சார்ஜர்கள் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும் ஸ்விட்சிங் வகை, அதனால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும், கையில் எடுத்தால் பஞ்சு.

அதற்கு மேல் அடுக்கு செல்போன் காலம்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசினார். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி.; கர்நாடகத்தில் ஜே.டி. மொபைல், ஸ்பைஸ். பெயர்களே மறந்துபோயிருக்கும். இன்கமிங்குக்கும் காசு கட்டின காலம் அது. 2003-இல் இன்கமிங் இலவசமானது, அதே வருஷம் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் கொடுத்தது, நாடே செல்போனும் கையுமாக ஆனது. சார்ஜர்களும் அப்போதுதான் பெருகின.

பெருகினதோடு இல்லை, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவும் இல்லை. நோக்கியாவுக்கு ஒரு முனை, சோனி எரிக்சனுக்கு ஒரு அகலமான கொக்கி, சாம்சங்கிலேயே மாடலுக்கு ஒன்று. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் பத்துத் தலை ராவணன் மாதிரி ஒரே சார்ஜரில் பத்து முனை தொங்கவிட்டு விற்பார்கள். பேட்டரியைக் கழற்றி வைத்து, இரண்டு கம்பியை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யும் யுனிவர்சல் சார்ஜர் இன்னொன்று, பச்சையும் சிவப்புமாக விளக்கு மின்னும். நோக்கியாவே தன் முனையை மாற்றியது. முதலில் 3.5 மில்லிமீட்டர் தடிமுனை, பிறகு 2 மில்லிமீட்டர் மெல்லிய முனை. "குண்டு பின்னா, சின்ன பின்னா?" என்று கேட்காத ஆபீஸ் அந்தக் காலத்தில் உண்டா?

நோக்கியா என்றால் நமக்கு ஸ்ரீபெரும்புதூர். 2006 ஜனவரியில் அங்கே உற்பத்தி தொடங்கினார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு முதல் சம்பளம் வாங்கி வீட்டுக் கடனை அடைத்தவர்கள் உண்டு. 2013-இல் நோக்கியா தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டபோது, வரித் தகராறில் இந்தத் தொழிற்சாலை மட்டும் பேரத்தில் சேர முடியாமல் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இதில் ஒரு வேடிக்கை. பூட்டிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வதாக 2019 நவம்பரில் ஒரு கம்பெனி முன்வந்தது. பெயர் சால்காம்ப். நோக்கியாவைப் போலவே பின்லாந்தில் பிறந்தது, சாலோ என்ற ஊர்க்காரர்கள், அதற்குள் சீனக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிருந்தது. அவர்கள் செய்யும் பொருள்? சார்ஜர்! போன் செய்த கூரைக்குக் கீழே சார்ஜர். எந்த ஊர்க்காரர் வாங்கும் டப்பாவில் அவை இருக்கின்றனவோ.

பேட்டரிக் கதையும் இந்த அடுக்கில்தான். 2007 ஆகஸ்டில் பி.எல்.-5சி என்ற பேட்டரியில் மட்சுஷிடா செய்த ஒரு பகுதி சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். போனைத் திறந்து பேட்டரி எண்ணைப் பார்க்காத ஆளே இல்லை அந்த வாரம்.

எங்கள் டப்பாவில் குண்டு பின் சார்ஜர் இரண்டு இருந்தன. இரண்டையும் போடும் பக்கம் வைத்தேன். தங்கமணி ஒன்றும் பேசாமல் ஒன்றை எடுத்துத் திரும்ப வைக்கும் பக்கம் வைத்தார். அலமாரியில் என் மாமனாருடைய நோக்கியா 1100 இருக்கிறது. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அதன் இன்பாக்ஸில் மகளிடமிருந்து போனவையும், அனுப்பினதில் அவர் ஒற்றை விரலில் தட்டித் தட்டி அனுப்பினவையும் இருக்கின்றன. "ரீச்டு சேஃப்லி?" என்று கேள்விக்குறியோடு. சிம் இல்லாவிட்டாலும் திறந்து படிக்கலாம். அதைத் திறக்க வீட்டில் இருக்கும் ஒரே சாவி அந்தக் குண்டு பின்.

அதனால் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம். வயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எந்தச் சாமானுக்கு உயிர் கொடுக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஹேண்டிகேம், பழைய டிஜிட்டல் கேமரா, செத்துப்போன லேப்டாப், இவற்றுக்குள் குழந்தையின் முதல் பிறந்தநாள் இருக்கலாம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள், பிறகு வயருக்கு விடைகொடுங்கள். பழைய பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே கூடாது.

சரி, இந்த ராவணன் தலைகள் எப்படிக் குறைந்தன?

விதை போட்டது கம்ப்யூட்டர்காரர்கள். இன்டெல்லில் அஜய் பட் என்ற நம்மவர், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், சகாக்களோடு யு.எஸ்.பி.யை உருவாக்கினார். 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. நோக்கம் பிரிண்டரையும் மௌஸையும் இணைப்பது. போகிற போக்கில் 5 வோல்ட் மின்சாரமும் அதில் போனது. எந்தப் பக்கம் செருகினாலும் முதல் தடவை போகாது என்பதுதான் அதன் பேர்போன குணம். இருபக்கமும் போகிற மாதிரி செய்திருந்தால் வயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகிச் செலவு ஏறியிருக்கும் என்று அவரே பின்னாளில் விளக்கம் கொடுத்தார்.

அடுத்து சீனா. 2006 டிசம்பரில் ஒரு தரம் வெளியிட்டு, சார்ஜர் பக்கம் யு.எஸ்.பி. ஓட்டை இருக்க வேண்டும் என்றார்கள், 2007 ஜூனில் அமலுக்கு வந்தது. யாரும் பெரிதாகப் பேசாத சங்கதி இது. என் பார்வையில் டப்பா சரித்திரத்தின் பெரிய திருப்பம் இதுதான். அதுவரை சார்ஜரும் வயரும் ஒட்டிப் பிறந்தவை. வயர் அறுந்தால் சார்ஜரும் குப்பை. இனி தலை வேறு, வால் வேறு. நல்லதுதான், ஆனால் டப்பாவில் வால்கள் மட்டும் தனியாகக் குட்டி போட ஆரம்பித்தன.

2009 பிப்ரவரியில் பார்சிலோனாவில் செல்போன் கம்பெனிகளின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. எல்லாருக்கும் மைக்ரோ யு.எஸ்.பி. என்று அறிவித்தது. வருஷத்துக்கு 51,000 டன் தேவையில்லாத சார்ஜர்கள் தவிர்க்கப்படும் என்று கணக்கும் சொன்னார்கள். அதே ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து கையெழுத்துப் போட்டன. 30-க்கும் மேற்பட்ட வகை சில வருஷத்தில் மூன்றாகக் குறைந்தது. ஆப்பிள் மட்டும் தனி வழி. 2003-இல் 30 கம்பி முனை, 2012-இல் லைட்னிங். கையெழுத்துக்கும் தனி வழிக்கும் நடுவில் கடைசியில் சட்டமே வந்தது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றுக்கும் டைப்-சி. லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று தேதி குறித்தார்கள். ஆப்பிள் 2023-இல் ஐபோன் 15-லேயே மாறிவிட்டது.

இந்தியாவில் 2022 நவம்பர் 16 அன்று நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில், ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப்புக்கு டைப்-சி என்று கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. பட்டன் போன்களுக்கு வேறு. 2023 ஜனவரியில் பி.ஐ.எஸ். டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது.

ஒரே முனை வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? இல்லையே! முன்பு முனையைப் பார்த்தாவது ஆள் அடையாளம் தெரிந்தது. இப்போது எல்லா டைப்-சி வயரும் ஒரே முகம், உள்ளே வேறு வேறு ஆள். டிரிம்மரோடு வந்த சில வயர்களில் கரண்ட் மட்டும் போகும், டேட்டா போகாது. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள சாதாரண வயர் 3 ஆம்பியர், 60 வாட்டோடு நிற்கும். 100 வாட், 240 வாட் தாங்கும் வயரில் 5 ஆம்பியருக்கான சின்ன சிப் ஒன்று ஒளிந்திருக்கும். லேப்டாப் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்று சார்ஜரைத் திட்டுவோம், பாவம் குற்றவாளி வயராக இருக்கும்.

எனவே லேபிள் ஒட்டுவதுதான் வழி. பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டும் காகித டேப்பே போதும், பேனாவில் எழுதலாம். வயரில் "லேப்டாப், 100 வாட்" என்று. கனமான பழைய அடாப்டர்களில் எந்தச் சாமானுடையது என்று. முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல் தளர்வான வளையமாகச் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டால் இடியாப்பம் ஆகாது. சார்ஜர் மேலேயே இறுக்கிச் சுற்றினால் கழுத்துப் பக்கம்தான் முதலில் பிய்யும்.

அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். "இன்புட் 100-240" என்றிருந்தால் அமெரிக்காவில் வாங்கினதும் இங்கே ஓடும், முனை கன்வெர்ட்டர் போதும். "120" என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். (அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்த ரைஸ் குக்கருக்கும் இதே சட்டம்.) ஒரு அடாப்டருக்குப் பதில் இன்னொன்று போட வேண்டுமென்றால் அவுட்புட் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது அதிகம் இருக்கலாம், உருண்டை முனை என்றால் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குட்டிப் படமும் பொருந்த வேண்டும். இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். இல்லாதது எத்தனை மலிவாக இருந்தாலும் இரவில் தலைமாட்டில் வேண்டாம்.

எங்கள் 34-இல் சாமான் இன்னும் வீட்டில் இருப்பவை 6, அவசரத்துக்கு என்று வைத்தவை 5. வெளியே போக வேண்டியவை 23.

எங்கே போவது? இதுதான் உண்மையான கேள்வி.

பழைய பேப்பர்காரரிடம், இங்கத்து பாஷையில் குஜரிக்காரரிடம், போட்டால் கிலோ கணக்கில் காசு கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் பிழைப்பு அது. வயரில் காசு உள்ள பகுதி செம்பு. மேலே இருப்பது பி.வி.சி. பிளாஸ்டிக். தடித்த வயரைக் கத்தியால் சீவலாம், மெல்லிய சார்ஜர் வயரைச் சீவக் கூலி கட்டாது. சுலபமான வழி குவித்து வைத்து எரிப்பது. பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது, கூடவே இருக்கும் செம்பு அந்த வேதிவினையைத் தூண்டிவிடும். டையாக்சின் என்ற, உடம்பின் கொழுப்பில் வருஷக்கணக்கில் தங்கும் நஞ்சு புகையோடு வரும். கானா நாட்டின் அக்போக்ப்ளோஷியில் சின்னப் பையன்கள் இப்படி வயர் எரித்த படங்களை உலகமே பார்த்தது. 2021-இல் அந்த இடத்தை இடித்துத் தள்ளினார்கள். டில்லி சீலம்பூரில் பழைய கம்ப்யூட்டர் பிரிக்கும் சந்துகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். உலகம் 2022-இல் போட்ட மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. முறைப்படி சேகரித்தது என்று கணக்கில் உள்ளது 22.3 சதவீதம். மீதியை எங்கோ யாரோ ஒருத்தர் கையால்தான் பிரிக்கிறார். போகிப் பண்டிகைக்கு ஊரில் டயரோடு வயரையும் கொளுத்துகிறவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இரண்டு தரம் சொல்லுங்கள்.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. தும்கூர் ரோட்டில் தாபஸ்பேட்டையில் 2005-இல் பி. பார்த்தசாரதி தொடங்கின இ-பரிசரா, அரசு அங்கீகாரம் பெற்ற இந்தியாவின் முதல் மின்கழிவு மறுசுழற்சி நிறுவனம். பரிசர என்றால் கன்னடத்தில் சுற்றுச்சூழல். அங்கே மின்கழிவைப் பிரித்து, வகைப்படுத்தி, செம்பையும் மற்ற உலோகங்களையும் மீட்கிறார்கள். அப்போது நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம்கூட இல்லை. 2011-இல் விதிகள் எழுதி, 2012 மே 1 முதல் அமல். கருவியைச் செய்தவரே அது குப்பையாகும்போதும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். தூரவாணி நகர் பெரியவரிடம் இதை விளக்கினபோது, "அதைத்தானப்பா டிபார்ட்மெண்ட் அப்பவே பண்ணுச்சு" என்றார். 2016-இல் விதிகளைத் திருத்தினார்கள், 2022-இல் மறுபடி எழுதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பட்டியலில் 21 ஆக இருந்த சாமான்கள் 106 ஆயின.

ஊர்க் குப்பைக்கும் இங்கே ஒரு கதை இருக்கிறது. 2012-இல் மாவள்ளிபுரா, மண்டூர் கிராமத்து ஜனங்கள் இனி உங்கள் குப்பை வேண்டாம் என்று எதிர்த்து நின்றபோது நகரமே நாறியது. அதன் பிறகுதான் பிரித்துப் போடும் பழக்கம் வந்தது. 2015 டிசம்பரில் ஹைகோர்ட் சொன்ன 2 கூடை 1 பை ஏற்பாடு இன்றும் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. ஆனால் வயரும் சார்ஜரும் அந்தப் பச்சைக் கூடையிலும் சேராது, சிவப்பிலும் சேராது. உலர்கழிவுப் பையில் போட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சார்ஜரின் முதுகில் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைக் குறுக்கே அடித்த ஒரு படம் இருக்கும் பாருங்கள், அதற்கு அர்த்தம் இதுதான்.

எங்கள் அடுக்குமாடியில் மின்கழிவுக்கென்று தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். நிரம்பினால் அங்கீகாரம் பெற்ற ஆட்களை வரவழைக்கிறோம். ஒரு வீட்டு வயருக்கு வண்டி வராது, நாற்பது வீடு சேர்ந்தால் வரும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், வண்டியில் "இ-வேஸ்ட்" என்று எழுதியிருப்பது போதாது. எடை போட்டு ரசீது கொடுப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரிகளை வயரோடு கலக்காமல், முனைகளில் செல்லோ டேப் ஒட்டித் தனிக் கவரில் கொடுத்தால் வண்டியில் உரசிப் பற்றிக்கொள்ளாது. பிளக்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வயரைக் கொடுக்கத் தேவையில்லை, முழுசாகவே கொடுக்கலாம்.